ஆல்ப்ஸ் பனிச்சறுக்கு ஊர்களும் ரயில் பாதைகளும்

ஆல்ப்ஸ் மலைத்தொடரில் உள்ள பனிச்சறுக்கு ஊர்கள் பலவற்றுக்குச் சூரிச், வியன்னா, மியூனிக், பாரிஸ் போன்ற நகரங்களிலிருந்து கார் இல்லாமலேயே போய்ச் சேரலாம். காலையில் நகர ரயில் நிலையத்தில் சறுக்குப் பலகைகளைத் தோளில் சுமந்து ஏறுபவர் நண்பகலுக்கு முன் பனிச்சரிவில் நிற்கிறார். இந்த வசதியைப் பனிச்சறுக்கு விளையாட்டு உருவாக்கியது என்று எண்ணுவது இயல்பு. உண்மை ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது. ஆல்ப்ஸின் மலை ரயில் பாதைகளுள் பெரும்பாலானவை காசநோயாளிகளுக்காகவும், கோடைக்காலச் சுற்றுலாவுக்காகவும், நாடு கடக்கும் சரக்குகளுக்காகவும் போடப்பட்டவை. பனிச்சறுக்கு பின்னால் வந்து அவற்றில் ஏறிக்கொண்டது. எந்த ஊரின் பாதை குளிர்காலத்திலும் திறந்திருந்தது, எது மூடப்பட்டது, எது பிடுங்கப்பட்டது என்பதே இன்று எந்த ஊருக்கு எப்படிப் போக முடியும் என்பதைத் தீர்மானித்திருக்கிறது.

டாவோஸ்: நோயாளிகள் போட்ட பாதை

கிழக்கு சுவிட்சர்லாந்தின் கிராபுண்டன் மாநிலத்தில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,560 மீட்டர் உயரத்தில் உள்ள டாவோஸ், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மாடு மேய்ப்போரின் பள்ளத்தாக்காக இருந்தது. 1848ஆம் ஆண்டு ஜெர்மானியப் புரட்சியில் பங்கேற்று நாட்டை விட்டு வெளியேறிய அலெக்சாண்டர் ஸ்பெங்லர் என்பவர் 1853இல் அங்கே மருத்துவராக வந்தார். உள்ளூர் மக்களிடம் காசநோய் அரிதாக இருப்பதை அவர் கவனித்தார். மலைக் காற்றே இதற்குக் காரணம் என்ற கருத்து பரவியது. 1865 பிப்ரவரியில் ரிக்டர், உங்கர் என்ற இரு ஜெர்மானிய நோயாளிகள் நடுக்குளிரில் பனிவண்டியில் ஏறி டாவோஸ் வந்து சேர்ந்தனர். குளிர்காலத்தில் யாரும் மலைக்குப் போகாத காலம் அது. ஆல்ப்ஸில் குளிர்காலத் தங்கல் தொடங்கியதற்கு இவர்களது வருகையை ஒரு தொடக்கப் புள்ளியாகக் கொள்வது வழக்கம். செயின்ட் மோரிட்ஸ் ஊரில் ஜொஹானஸ் பத்ருட் என்ற விடுதி உரிமையாளர் 1864இல் ஆங்கிலேய விருந்தினர்களுடன் பந்தயம் கட்டி அவர்களைக் குளிர்காலத்தில் வரவழைத்தார் என்ற கதை இதைவிடப் புகழ்பெற்றது, சுவையானதும்கூட. ஆனால் அடுத்த முப்பது ஆண்டுகளில் மலைக்கு ரயிலைக் கொண்டு வந்தவர்கள் பந்தயம் கட்டியவர்கள் அல்லர், இருமியவர்கள்தாம்.

அவர்களுள் ஒருவரின் கணவர் வில்லெம் யான் ஹோல்ஸ்போர். நெதர்லாந்தைச் சேர்ந்த இவர் இளமையில் கப்பலில் பணியாற்றியவர், பின்னர் லண்டனில் வங்கித் தொழிலில் இருந்தவர். 1867இல் காசநோயால் வாடிய மனைவியை டாவோசுக்கு அழைத்து வந்தார். மனைவி இறந்த பிறகும் ஊரைவிட்டுப் போகாமல், ஸ்பெங்லருடன் சேர்ந்து மருத்துவ விடுதி ஒன்றைக் கட்டினார். நோயாளிகள் வந்து சேரும் வழிதான் அவருக்குப் பெரிய கவலையாக இருந்தது. பள்ளத்தாக்கின் வாயிலில் உள்ள லாண்ட்குவார்ட் வரை ரயில் வந்துவிட்டது. அதற்குமேல் ஆயிரம் மீட்டர் உயரத்தைக் குதிரை வண்டியில், குளிர்காலமானால் பனிவண்டியில், ஏற வேண்டும். நுரையீரல் பழுதான மனிதருக்கு இந்தக் கடைசிப் பகுதியே மிகக் கொடியது. ஹோல்ஸ்போரின் முயற்சியால் லாண்ட்குவார்ட்டிலிருந்து கிளோஸ்டர்ஸ் வரையிலான பாதை 1889இலும், அங்கிருந்து டாவோஸ் வரையிலான பாதை 1890இலும் திறக்கப்பட்டன. குறைந்த செலவுக்காகவும் கூர்மையான வளைவுகளுக்காகவும் மீட்டர் கேஜ் பாதை தேர்ந்தெடுக்கப்பட்டது. 1895இல் இந்த நிறுவனம் ரேட்டிய ரயில்வே என்ற பெயரைப் பெற்றது. பின்னர் மாநில அரசே அதன் பெரும்பங்கை ஏற்றது.

அகன்ற பாதையில் வரும் நகர ரயிலிலிருந்து இறங்கி, நடைமேடையைக் கடந்து, சிவப்பு நிற மீட்டர் கேஜ் வண்டியில் ஏறும் அந்த லாண்ட்குவார்ட் மாற்றம் இன்றும் அப்படியே இருக்கிறது. தாமஸ் மன் 1924இல் வெளியிட்ட மாய மலை நாவல் தொடங்குவதும் இந்தப் பயணத்தில்தான். அவரது மனைவி டாவோசில் சிகிச்சை பெற்றபோது, 1912இல், மன் இதே பாதையில் வந்திருந்தார். இப்போது சூரிச்சிலிருந்து டாவோசுக்கு, லாண்ட்குவார்ட்டில் மாறும் நேரத்தையும் சேர்த்து, சுமார் இரண்டரை மணி நேரம் ஆகிறது.

இங்கே ஒரு தொடர்பைக் குறிப்பிட வேண்டும். ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயிலும் காசநோயுற்ற மனைவியுடன் டாவோஸ் வந்தவரே. பொழுது போகாமல் நார்வே நாட்டுச் சறுக்குப் பலகைகளைப் பழகிய அவர், 1894 மார்ச்சில் உள்ளூர்க்காரர்களான பிராங்கர் சகோதரர்களுடன் மலையைக் கடந்து அரோசா ஊருக்குச் சென்றார். அதைப் பற்றி ஆங்கில இதழில் எழுதினார். நோயாளிக்குத் துணையாக வந்தவரின் பொழுதுபோக்கு இவ்வாறு வாசகர்களிடம் ஆவலாகப் பரவியது. அவர்கள் வர ரயில் தயாராக இருந்தது.

அல்புலா பாதையும் கார் தடையும்

ஹோல்ஸ்போர் டாவோசிலிருந்து எங்கடின் பள்ளத்தாக்குக்கும் பாதையை நீட்ட விரும்பினார். ஆனால் மாநிலம் வேறு வழியைத் தேர்ந்தது. துசிஸ் ஊரிலிருந்து அல்புலா கணவாய்க்கு அடியில் குடைந்து செல்லும் பாதை 1903இல் திறக்கப்பட்டு, 1904இல் செயின்ட் மோரிட்சை எட்டியது. இதன் முதன்மைப் பொறியாளர் ஃபிரீட்ரிக் ஹென்னிங்ஸ். பற்சக்கரம் இல்லாமல் சாதாரணச் சக்கரப் பிடிப்பிலேயே வண்டி ஏற வேண்டும் என்பது திட்டம். அதனால் உயரத்தைப் பாதையின் நீளத்தால் வெல்ல வேண்டியிருந்தது. பெர்கூனுக்கும் பிரேடாவுக்கும் இடையே நேர்த்தூரம் சுமார் 5 கிலோமீட்டர். உயர வேறுபாடு 400 மீட்டருக்கும் சற்று அதிகம். அதை ஏற ரயில் சுழல் சுரங்கங்களுக்குள் சுற்றிச் சுற்றிச் சுமார் 12 கிலோமீட்டர் ஓடுகிறது. பயணிக்கு ஒரே தேவாலயக் கோபுரம் முதலில் வலப்பக்கமும் பிறகு இடப்பக்கமும், ஒவ்வொரு முறையும் இன்னும் சற்றுக் கீழேயும் தெரியும். 65 மீட்டர் உயரமுள்ள லாண்ட்வாசர் பாலம் வளைந்தபடியே செங்குத்துப் பாறைக்குள் நுழைந்துவிடுகிறது. அல்புலா, பெர்னினா பாதைகள் 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

பற்சக்கரப் பாதை என்பது தமிழ்நாட்டு வாசகருக்குப் புதிதல்ல. மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் 1899 முதல் உள்ள பற்சட்ட முறை சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் உருவாக்கியது. நீலகிரி மலை ரயிலின் புகழ்பெற்ற நீராவி எஞ்சின்கள் அந்நாட்டின் விண்டர்தூர் ஆலையில் செய்யப்பட்டவை. இதே ஆப்ட் முறையில்தான் செர்மாட் ஊருக்கும் ரயில் ஏறுகிறது. செங்குத்தான இடங்களில் பற்சக்கரம், செலவழிக்க மனமுள்ள இடங்களில் சுழல் சுரங்கம் என்று பொறியாளர்கள் இரு வழிகளையும் கையாண்டனர்.

ரயிலுக்குப் பெருஞ்செலவு செய்த கிராபுண்டன் மாநிலம் இன்னொரு முடிவையும் எடுத்தது. 1900 ஆகஸ்டில் மாநில அரசு தன் சாலைகள் அனைத்திலும் கார் ஓட்டத் தடை விதித்தது. குதிரைகள் மிரள்கின்றன, புழுதி கிளம்புகிறது என்பவை வெளிப்படையான காரணங்கள். சாலைகளைப் பராமரிப்பவர்கள் உள்ளூர்க்காரர்கள், அவற்றில் பாய்ந்து செல்பவர்கள் வெளியூர்ச் செல்வந்தர்கள் என்ற கசப்பும் இருந்தது. மாநிலத்தைக் கடக்க வேண்டிய கார்களைக் குதிரைகளைப் பூட்டி இழுத்துச் சென்றார்கள். விடுதி உரிமையாளர்கள் தடையை நீக்கக் கோரினர். மக்கள் வாக்கெடுப்பில் திரும்பத் திரும்ப மறுத்தனர். பத்து வாக்கெடுப்புகளுக்குப் பிறகு, 1925 ஜூனில்தான் தடை நீங்கியது. இதைப் பழமைவாதிகளின் பிடிவாதம் என்று சிரித்துவிட்டுப் போவது எளிது. ஆனால் அந்த 25 ஆண்டுகளில்தான் ரேட்டிய ரயில்வே அல்புலாவைக் கடந்தது, எங்கடின் பள்ளத்தாக்கில் பரவியது, 1922க்குள் தன் பாதைகளை மின்மயமாக்கியது. கார் வந்தபோது ரயில் ஏற்கெனவே ஊர்களின் உடம்பில் ஊறிவிட்டிருந்தது.

நகரத்துச் சறுக்காளர்

கிழக்கே ஆஸ்திரியாவிலும் கதை இதே வகைதான், காரணங்கள் மட்டும் வேறு. 1854இல் திறக்கப்பட்ட செம்மரிங் ரயில் பாதை வியன்னாவைத் தெற்கே துறைமுகத்துடன் இணைப்பதற்காகக் கட்டப்பட்டது. அப்பாதையில் உள்ள மியுர்ட்சுஷ்லாக் ஊரில் 1893இல் நடந்த போட்டி நடு ஐரோப்பாவின் முதல் பனிச்சறுக்குப் போட்டிகளுள் ஒன்று. லிலியன்ஃபெல்ட் ஊரில் மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி பனிச்சறுக்கைப் பயிற்றுவித்தபோது, மாணவர்கள் பெரும்பாலும் வியன்னாவிலிருந்து ரயிலில் வந்து மாலையில் திரும்புபவர்கள். 1895இல் வியன்னாவில் தொடங்கிய இயற்கை நண்பர்கள் என்ற தொழிலாளர் அமைப்பும் மலையை ஆலைத் தொழிலாளியின் ஞாயிற்றுக்கிழமையாக மாற்ற முயன்றது. பனிச்சறுக்கு பணக்காரர் விளையாட்டு என்ற பேச்சில் உண்மை உண்டு. ஆனால் ஒருநாள் பயணச்சீட்டில் மூன்றாம் வகுப்பில் வந்தவர்களும் தொடக்கத்திலிருந்தே இருந்தார்கள். அவர்களைப் பற்றி எழுதியோர்தான் குறைவு.

மேற்கே ஆர்ல்பெர்க் மலையின் 10 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள சுரங்கம் 1884இல் திறக்கப்பட்டது. ஆஸ்திரியாவைச் சுவிட்சர்லாந்துடன் நேரடியாக இணைப்பதே நோக்கம். கட்டுமானத்தை வழிநடத்திய யூலியஸ் லாட், சுரங்கத்தின் இரு முனைகளும் சந்திக்கும் முன்பே, 1883இல் காசநோயால் இறந்தார். சுரங்கத்தின் கிழக்கு வாயிலில் இருந்த சிற்றூரான சென்ட் ஆன்டனில் பெருந்தொடர் ரயில்கள் நின்றன. எஞ்சின் தேவைக்காக நின்ற இடத்தில் சுற்றுலாப் பயணிகள் இறங்கத் தொடங்கினர். 1901இல் ஆர்ல்பெர்க் சறுக்குக் கழகம் தோன்றியது. 1907இல் இங்கு வந்த ஹன்னஸ் ஷ்னைடர் உருவாக்கிய பயிற்று முறை உலகெங்கும் ஆர்ல்பெர்க் முறை என்று அறியப்பட்டது. சுரங்கத்தின் மறுவாயிலில் உள்ள லாங்கென் நிலையத்தில் இறங்குவோர் பேருந்தில் சூர்ஸ், லெக் ஊர்களுக்குச் செல்கின்றனர்.

சென்ட் ஆன்டனில் நீண்டகாலம் தண்டவாளம் ஊருக்கும் சரிவுகளுக்கும் நடுவே ஓடியது. வண்டியிலிருந்து இறங்கி நேராகப் பனியில் கால் வைக்கலாம். 2001ஆம் ஆண்டு உலகப் போட்டிகளுக்காக, 2000இல், தண்டவாளத்தைப் பள்ளத்தாக்கின் மறுபுறத்துக்கு மாற்றி அமைத்தனர். ஒரு விளையாட்டுக்காகக் கண்டம் கடக்கும் ரயில் பாதையே ஒதுங்கி வழிவிட்டது.

ஏறுவதற்கு ரயில், இறங்குவதற்குப் பலகை

பலகைகளில் இறங்குபவர் முதலில் ஏற வேண்டும். கம்பிவடத்தில் தொங்கி இழுத்துச் செல்லும் நவீனச் சறுக்கு ஏற்றி டாவோசின் போல்கன் சரிவில் 1934 டிசம்பரில்தான் வந்தது. அதற்கு முன்பு பலகைகளின் அடியில் கடல்நாய்த் தோலைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் ஏறினார்கள். இந்தத் துன்பத்துக்கு ரயிலே முதல் மாற்றாக அமைந்தது.

பெர்னீஸ் ஓபர்லாந்தில் லாட்டர்புருன்னன், வெங்கன், கிரிண்டல்வால்ட் ஊர்களை இணைக்கும் வெங்கர்னால்ப் பற்சக்கர ரயில் 1893இல் கோடைப் பயணிகளுக்காகத் திறக்கப்பட்டது. 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதைக் குளிர்காலத்திலும் ஓட்டச் செய்தவர்களுள் ஆங்கிலேயப் பயண ஏற்பாட்டாளர் ஹென்றி லன் முக்கியமானவர். இவர் அதற்கு முன் இந்தியாவில் மெதடிஸ்ட் மருத்துவ ஊழியராக இருந்தவர். இவருடைய மகன் ஆர்னால்ட் லன் 1888இல் சென்னையில் பிறந்தார். கொடிக்கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்கும் நவீன ஸ்லாலம் போட்டியை 1922இல் மியூரன் ஊரில் வகுத்தவர் அவரே. 1925இல் வெங்கனில் ஆங்கிலேயர் தொடங்கிய கழகத்துக்கு "இறக்கம் மட்டும்" என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். ஏற்றம் முழுவதையும் ரயிலுக்கு விட்டுவிட்டவர்களைக் கேலி செய்யப் பயன்பட்ட சொல்லையே அவர்கள் பெருமையாகச் சூடிக்கொண்டார்கள். 1930 முதல் வெங்கனில் நடக்கும் லாபர்ஹோர்ன் பந்தயத்தின் பாதை ஓரிடத்தில் அந்த ரயிலின் தண்டவாளத்துக்கு அடியில் நுழைந்து செல்கிறது. போட்டியைப் பார்க்க வருவோரும் அதே ரயிலில்தான் வர வேண்டும். வெங்கனுக்கு இன்றுவரை பொதுச் சாலை இல்லை.

டாவோசில் இது இன்னும் நேர்த்தியாக அமைந்தது. 1931–32இல் திறக்கப்பட்ட பார்சென் இழுவை ரயில், பழநி மலையின் விஞ்ச் போன்ற அமைப்புடையது, சறுக்காளர்களை 2,662 மீட்டர் உயரமுள்ள வைஸ்ஃப்ளூயோக் வரை ஏற்றியது. அங்கிருந்து டாவோசுக்குத் திரும்பாமல் மலையின் மறுபுறம், சுமார் 810 மீட்டர் உயரத்தில் உள்ள கியூப்லிஸ் கிராமம் வரை இறங்கினார்கள். பனிவெளியில் தொடங்கி, காட்டைக் கடந்து, மாட்டுக் கொட்டில்களுக்கு நடுவே முடியும் இறக்கம் அது. கியூப்லிஸ் நிலையத்தில், ஹோல்ஸ்போர் நோயாளிகளுக்காகப் போட்ட பாதையில், ஈரம் சொட்டும் உடுப்புடன் வண்டியேறி டாவோசுக்குத் திரும்புவார்கள். வேறெந்த வாகனத்தாலும் இப்படி ஒரு விளையாட்டைச் சாத்தியமாக்கியிருக்க முடியாது. காரை மேலே விட்டவர் கீழே இறங்கினால் கார் மேலேயே இருக்கும்.

பிரேடாவிலிருந்து பெர்கூனுக்கு இறங்கும் அல்புலா கணவாய்ச் சாலை குளிர்காலத்தில் போக்குவரத்துக்கு மூடப்பட்டு, சுமார் 6 கிலோமீட்டர் நீளமுள்ள சறுக்குவண்டித் தடமாகிறது. மக்கள் ரயிலில் பிரேடாவுக்கு ஏறி, சறுக்குவண்டியில் பெர்கூனுக்கு இறங்கி, மறுபடியும் ரயிலேறுகிறார்கள்.

மூடிய பாதைகள், மடக்கிய பாலம்

எல்லாப் பாதைகளும் இப்படிக் குளிர்காலத்தை ஏற்கவில்லை. ரோன் பள்ளத்தாக்கின் ஃபிஸ்ப் ஊரிலிருந்து செர்மாட்டுக்குச் செல்லும் பாதை 1891இல் திறக்கப்பட்டது. மேட்டர்ஹார்ன் சிகரத்தைக் காண வருவோர் கோடையில்தான் வந்தனர். குளிர்காலத்தில் பனிச்சரிவுகள் தண்டவாளத்தின்மேல் விழுந்துகொண்டே இருந்தன. ஆகவே இலையுதிர் காலம் முடிந்ததும் ரயில் நிற்கும், ஊர் மூடிக்கொள்ளும். டாவோஸ் முழுக் குளிர்காலமும் விளக்கெரிய நிறைந்திருந்த பத்தாண்டுகளில் செர்மாட் இருளில் கிடந்தது. 1920களின் இறுதியில் குளிர்கால ஓட்டத்துக்கான முயற்சிகள் தொடங்கி, பனிச்சரிவைத் தாங்கும் கூரைகளும் தடுப்புகளும் அமைந்தபின், 1930களின் தொடக்கத்தில்தான் ஆண்டு முழுவதும் ரயில் ஓடியது. செர்மாட் பனிச்சறுக்கு ஊராக ஆனது அதற்குப் பிறகே.

ஃபுர்கா மலைப் பாதை இதைவிட விசித்திரமானது. அதில் ஸ்டெஃபன்பாக் ஓடையின் மேலிருந்த கல் பாலத்தை 1916இல் பனிச்சரிவு அடித்துச் சென்றது. 1925இல் அங்கே கட்டிய இரும்புப் பாலத்தை ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் மூன்று துண்டுகளாக மடக்கிக் கரையோரம் ஒதுக்கி வைத்தார்கள். வசந்தத்தில் மறுபடியும் விரித்து மாட்டினார்கள். 1930இல் தொடங்கிய, செர்மாட்டையும் செயின்ட் மோரிட்சையும் இணைக்கும் கிளேசியர் எக்ஸ்பிரஸ் அதனால் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கோடை வண்டியாகவே இருந்தது. இரு பெரும் பனிச்சறுக்கு ஊர்களுக்கு இடையே பனிக்காலத்தில் நேர் ரயில் இல்லை. 1982இல் 15 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள ஃபுர்கா அடிவாரச் சுரங்கம் திறந்தபின்பே அது ஆண்டு முழுவதும் ஓடத் தொடங்கியது. அந்த மடக்குப் பாலம் இன்றும் இருக்கிறது. ஆர்வலர்கள் கோடையில் ஓட்டும் நீராவி ரயிலுக்காக ஆண்டுதோறும் விரித்து மடக்கப்படுகிறது.

சுரங்கமும் தடுப்பும் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. 2018 ஜனவரியில் கடும் பனிப்பொழிவால் சாலையும் ரயிலும் ஒருசேர நின்றபோது செர்மாட்டில் சுமார் 13,000 பயணிகள் சிக்கிக்கொண்டனர். சிலர் ஹெலிகாப்டரில் வெளியேறினர். ஒற்றைப் பள்ளத்தாக்கின் முடிவில் இருக்கும் ஊருக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

மஞ்சள் பேருந்து

தண்டவாளம் முடியும் இடத்தில் சுவிட்சர்லாந்தில் அஞ்சல் பேருந்து காத்திருக்கும். குதிரை அஞ்சல் வண்டியின் வாரிசான இந்தச் சேவை 1906இல் பெர்ன் நகரத்தருகே தொடங்கியது. முதல் உலகப் போருக்குப் பின் கணவாய்ச் சாலைகளிலும் ஏறியது. ரோசினியின் வில்லியம் டெல் இசை நாடக முகப்பிசையிலிருந்து எடுத்த மூன்று சுரங்களை அதன் ஊதுகுழல் வளைவுகளில் ஒலிக்கும். மலை அஞ்சல் சாலை எனக் குறிக்கப்பட்ட வழிகளில் எதிரே வரும் வாகனங்கள் பேருந்து ஓட்டுநரின் கட்டளைப்படி விலகவோ பின்னோக்கிச் செல்லவோ வேண்டும் என்பது சட்டம். பேருந்து எந்த ரயிலுக்காகக் காத்திருக்கிறது என்பது அதன் நேர அட்டவணையிலேயே அடங்கியிருக்கிறது. குடும்பமாக வருவோருக்குச் சுரங்களைவிட இதுவே முக்கியம்.

சாஸ்-ஃபே ஊருக்கு 1951வரை சாலையே கிடையாது. பொதி சுமக்கும் விலங்குகளும் மனிதர்களும் நடந்தே ஏறினர். சாலை வந்தபோது ஊரார் அதை ஊர் எல்லையிலேயே நிறுத்தினர். கார்கள் வெளியே நிற்க, ஃபிஸ்ப் நிலையத்திலிருந்து வரும் அஞ்சல் பேருந்தே ஊருக்கு ரயிலாகிவிட்டது. செர்மாட்டும் இதே முடிவைத்தான் எடுத்தது. காரில் வருவோர் 5 கிலோமீட்டர் முன்னதாக டேஷ் ஊரில் காரை விட்டு, குறுந்தூர ரயிலில் ஏற வேண்டும்.

காரின் காலம்

எதிர்த்துருவம் இத்தாலியில் இருந்தது. 1930களில் ஃபியட் கார் நிறுவனத்தின் ஜொவான்னி அன்யெல்லி குடும்பம் டூரின் நகருக்கு மேற்கே, ரயில் எட்டாத உயரத்தில், செஸ்ட்ரியேர் என்ற பனிச்சறுக்கு ஊரை வெறுமையிலிருந்து எழுப்பியது. கார் செய்பவர் கட்டும் ஊருக்குக் காரில் போவதுதான் முறை போலும். அருகிலுள்ள ரயில் நிலையம் பள்ளத்தாக்கில் இருக்கும் ஊல்ஸ்; அங்கிருந்து பேருந்து.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரான்ஸ் இந்த வழியையே பெரிய அளவில் பின்பற்றியது. அங்கும் தொடக்கம் ரயிலில்தான். 1901இல் ஷாமோனிக்கு மின்சார ரயில் வந்தது. 1924இல் முதல் குளிர்கால ஒலிம்பிக் அங்கே நடந்தது. ஆனால் 1960களில் அரசு வகுத்த பனித் திட்டம், உழவர் ஊர்களுக்கு வெகு மேலே, 1,800 மீட்டருக்கும் 2,300 மீட்டருக்கும் இடைப்பட்ட வெற்று மேடுகளில், அடுக்குமாடிகளுடன் புதிய ஊர்களை எழுப்பியது. பனி உறுதி, ஆனால் நிலையம் இல்லை. சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை வாடகைக்கு விடும் வழக்கத்தால் ஒரே நாளில் அனைவரும் இறங்க, அனைவரும் ஏற, தாரந்தேஸ் பள்ளத்தாக்குச் சாலை அடைத்துக்கொள்ளும். 1992 ஆல்பர்ட்வில் ஒலிம்பிக்கை ஒட்டி அதிவேக ரயில்கள் பூர்-சென்-மோரிஸ் வரை வரத் தொடங்கின. 1997இல் லண்டனிலிருந்தே நேர் ரயில் வந்தது. பூர்-சென்-மோரிஸ் நிலையத்திலிருந்து லே ஆர்க் ஊருக்கு 1989இல் அமைத்த இழுவை ரயில் ஏழு நிமிடங்களில் மேலேற்றிவிடுகிறது. மற்ற ஊர்களுக்குப் பேருந்துதான். அதிவேக ரயிலில் கடந்த நூற்றுக்கணக்கான கிலோமீட்டரைவிடக் கடைசி முப்பது கிலோமீட்டர் நீளமாகத் தோன்றுவது இந்தப் பள்ளத்தாக்கின் தனிச்சிறப்பு.

மணிக்கொரு வண்டி

சுவிட்சர்லாந்து ஊர்களைக் காப்பாற்றியது பழைய தண்டவாளம் மட்டும் அல்ல. 1982 மே மாதம் நாடு முழுவதும் சீரிடைவெளி நேர அட்டவணை நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு தடத்திலும் மணிக்கு ஒருமுறையாவது, ஒரே நிமிடத்தில், வண்டி புறப்படும்; சந்திப்பு நிலையங்களில் எல்லா வண்டிகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து, பயணிகளை மாற்றிக்கொண்டு பிரியும். சறுக்குப் பலகையும் குழந்தையும் பெட்டியுமாக வருபவருக்கு மாற்றம் எத்தனை என்பதைவிட மாறிய பின் எவ்வளவு நேரம் குளிரில் நிற்க வேண்டும் என்பதே கேள்வி. லாண்ட்குவார்ட்டில் விடை சில நிமிடங்கள். 2007இல் திறந்த 34.6 கிலோமீட்டர் லோட்ச்பெர்க் அடிவாரச் சுரங்கம் ஃபிஸ்ப் நிலையத்தைப் பெரிய சந்திப்பாக்கி, பெர்னிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் செர்மாட் செல்லும் நேரத்தைக் கணிசமாகக் குறைத்தது. 1999இல் திறந்த 19 கிலோமீட்டர் வெரைனா சுரங்கத்தில் சாலையே இல்லை. குளிர்காலத்தில் கணவாய் மூடும்போது அவ்வழியே எங்கடின் செல்லும் கார்களும் ரயிலேறித்தான் போக வேண்டும்.

புதிய நிலையங்களும் எழுகின்றன. 2019 டிசம்பரில் கிரிண்டல்வால்டில் திறந்த நிலையத்திலிருந்து, அடுத்த ஆண்டு முதல், ஐகர் மலைச் சரிவுக்கு நேரடியாகக் கம்பிவட ஊர்தி ஏறுகிறது. இத்தாலியின் தென் டிரோல் பகுதியில், 1990இல் மூடிய மெரானோ–மால்ஸ் பாதை 2005இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. அதே பகுதியின் புஸ்டர் பள்ளத்தாக்கில், பெர்கா ஊரில், ரயில் நடைமேடைக்கு எதிரிலேயே சறுக்கு மலைக்கான ஏற்றி 2011இல் திறந்தது.

கோர்டினாவின் தடம்

அதே புஸ்டர் பள்ளத்தாக்கின் டோப்லாக் ஊரிலிருந்து தெற்கே கோர்டினா வழியாகக் கலால்சோ வரை ஒரு குறும்பாதை இருந்தது. முதல் உலகப் போரில் படைகளுக்காகப் போடப்பட்டு, 1921இல் முழுமையடைந்து, 1929இல் மின்மயமான டோலமைட் ரயில் அது. 1956இல் கோர்டினாவில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது பார்வையாளர்களை அதுவே சுமந்தது. எட்டே ஆண்டுகளில், 1964இல், அது மூடப்பட்டது. சாலைகள் அகன்றிருந்தன, கார்கள் பெருகியிருந்தன, பழைய வண்டிகளைப் புதுப்பிக்க யாரும் முன்வரவில்லை. தண்டவாளங்கள் பிடுங்கப்பட்டன. 2026 பிப்ரவரியில் கோர்டினா மறுபடியும் ஒலிம்பிக் ஊர்களுள் ஒன்றானபோது அங்கே ரயில் இல்லை. கலால்சோவிலும் டோப்லாக்கிலும் இறங்கிப் பேருந்தில் வர வேண்டியிருந்தது.

கோர்டினாவின் பழைய ரயில் நிலையக் கட்டடம் இப்போது பேருந்து நிலையமாக இருக்கிறது. தண்டவாளம் கிடந்த தடம் கோடையில் மிதிவண்டிப் பாதை. குளிர்காலத்தில் அதன்மேல் பனி விழுந்ததும் டோப்லாக்கிலிருந்து கோர்டினாவுக்கு நெடுந்தூரச் சறுக்குப் பந்தயம் நடக்கிறது. ரயில் புகுந்து வந்த சுரங்கங்களின் வழியாகவும் பாலங்களின் மேலாகவும் சறுக்காளர்கள் செல்கிறார்கள்.